மறைந்த ‘மலிவு’: வட்டணிகளின் பெயரும் அமைப்பும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வடமராட்சியைச் சேர்ந்த உடுப்பிட்டி, ஏடும் எழுத்தும் நெடுங்காலம் பயின்ற ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் செய்யுள் நூல்கள் பல இயற்றிய சிவசம்புப் புலவரின் பெயரோடு இவ்வூரின் பெயரும் ஈழத்து இலக்கிய வரலாற்றில் இணைந்துள்ளது. அமெரிக்க மிசனரிமார் நிறுவிய பாடசாலையின் வழியாக ஆங்கிலக் கல்வியும் அச்சுநூலும் இங்கு வந்து சேர்ந்தன. இவ்விரு மரபுகளின் எச்சங்களும் சில வீடுகளில் ஏட்டுக் கட்டுகளாகவும் அட்டை கழன்ற சஞ்சிகைகளாகவும் எஞ்சியுள்ளன. சில ஆண்டுகளுக்கு முன்னர் அவற்றுள் ஒரு பகுதியை நிழற்படமாக்கிக் கணினியிற் சேமிக்கும் சிறு முயற்சியொன்றில் நாமும் பங்குகொண்டோம்.

பழைய கணினி ஒன்று. புதிதாக வாங்கிய மூன்று வன்வட்டுகள். விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள். பணம் அதற்குமேல் இருக்கவில்லை. மூன்று வட்டுகளையும் ‘றெயிட் 1’ எனப்படும் முறையில் இணைத்தோம். அப்பெயர் ஒன்றன் உள்ளடக்கத்தை மற்றொன்றிற் பிரதிசெய்யும் முறையைக் குறிப்பது என்பதை அறிந்திருந்தமையால், மூன்று வட்டில் மூன்று பிரதிகள் உள்ளன என்று நம்பி ஆறுதலடைந்தோம். அடுத்த மாரியில் ஒரே கிழமைக்குள் இரண்டு வட்டுகள் பழுதடைந்தன. அப்போதுதான் நாம் தெரிந்த அமைப்பில் வட்டுகள் எத்தனையாயினும் பிரதிகள் இரண்டே என்பது தெரியவந்தது. பழுதடைந்த இரு வட்டுகளிலும் மட்டும் இருந்தவை, அதாவது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, முற்றாக இழக்கப்பட்டன. எஞ்சியவற்றை மீட்பதும் பெரும்பாடாயிற்று. அம்மென்பொருளின் ஆவணங்களில் இவ்விடயம் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது, வாசியாதவர்கள் நாமே. எனினும், பெயரொன்றை நம்பி ஏமாந்த இலக்கிய மாணவர், அப்பெயரின் வரலாற்றை நாடுவது இயல்பு. இக்கட்டுரை அத்தகைய நாட்டத்தின் விளைவேயாகும்.

முதலில், மூல வரலாறு. 1980களின் நடுப்பகுதியிற் பெருநிறுவனங்களின் தரவுகள் பெரிய, விலையுயர்ந்த வட்டுகளிலே சேமிக்கப்பட்டன. ஐ.பி.எம். நிறுவனத்தின் 3380 வகை வட்டு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 14 அங்குல விட்டமுடைய தகடுகள். கொள்ளளவு 7,500 மெகாபைற்று. வங்கியும் காப்புறுதி நிறுவனமும் அரச திணைக்களமும் மட்டுமே எட்டக்கூடிய விலை. அதே காலப்பகுதியில் மேசைக் கணினிக்கெனப் பெருந்தொகையாக உற்பத்தியான 3.5 அங்குல வட்டுகள் சந்தைக்கு வந்தன. கொணர் நிறுவனத்தின் அத்தகைய வட்டொன்று 100 மெகாபைற்று மட்டுமே கொண்டதாயினும், ஒரு மெகாபைற்றின் விலை 7 முதல் 10 டொலர் வரையே. ஐ.பி.எம். வட்டிலோ அது 10 முதல் 18 டொலர் வரை.

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், காத் கிப்சன், றான்டி காற்ஸ் ஆகிய மூவரும் இந்த முரண்பாட்டிலிருந்தே தொடங்கினர். 1987 டிசம்பரில் ஆய்வறிக்கையாகவும் 1988 யூனிற் சிக்காகோ மாநாட்டிலும் வெளிவந்த அவர்களது கட்டுரை, விலையுயர்ந்த ஒற்றைப் பெருவட்டுக்கு எதிராக மலிவான சிறுவட்டுகளின் அணியொன்றை நிறுத்தியது. பெயரும் அவ்வாறே அமைந்தது. ‘மலிவான வட்டுகளின் மிகையுடை அணி’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே ‘றெயிட்’.

மலிவுக்கு ஒரு விலை உண்டு. ஒரு வட்டு சராசரியாக 30,000 மணித்தியாலம் பழுதின்றி இயங்கும் என்று கொண்டால், நூறு வட்டுகளைச் சேர்த்த அணியில் 300 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, அதாவது இரண்டு வாரம் முடிவதற்குள், ஏதேனும் ஒன்று பழுதடையும். பலரைச் சேர்த்தால் பலம் கூடும். எவராவது ஒருவர் நோயுறும் வாய்ப்பும் கூடும். இதற்குப் பரிகாரமாகவே ‘மிகை’ புகுத்தப்பட்டது. அதன் இயக்கத்தை விளக்கக் கணிதப் புலமை வேண்டியதில்லை. நான்கு வட்டுகளில் முறையே 3, 5, 2, 6 எனும் எண்கள் உள்ளன என்போம். ஐந்தாவதில் அவற்றின் கூட்டுத்தொகை 16 எழுதப்படுகிறது. இரண்டாவது வட்டு அழிந்தால், 16 இலிருந்து ஏனைய மூன்றையும் கழிக்க 5 மீளக் கிடைக்கும். உண்மையில் நடைபெறுவது இரும எண்களின் மீதான வேறொரு செயலாயினும் தத்துவம் இதுவே. முழுப்பிரதி ஒன்றை வைத்திருப்பதாயின் நான்குக்கு நான்கு வட்டு மேலதிகமாக வேண்டும். இங்கு நான்குக்கு ஒன்றே போதும். வறியோரின் காப்பு முறை என்று இதனைக் கூறின் மிகையாகாது.

இக்கருத்து பேர்க்கிலியிலே வானத்திலிருந்து விழுந்ததன்று. பழுதடைந்த சேமிப்பகமொன்றின் உள்ளடக்கத்தை ஏனையவற்றிலிருந்து மீட்கும் முறைக்கு ஐ.பி.எம். நிறுவனத்தின் நோர்மன் கென் ஊச்சி 1978 இலேயே அமெரிக்கக் காப்புரிமம் பெற்றிருந்தார். வட்டுகளை இரட்டையாக வைத்துப் பிரதிசெய்யும் வழக்கம் அதற்கும் முந்தியது. பெருநிறுவனத்தின் காப்புரிமக் கோவையிற் கிடந்த கருத்து, மலிவு வட்டு பெருந்தொகையாக உற்பத்தியானபோதே ஓர் இயக்கமாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. பொருளுற்பத்தியின் நிலையே கருத்தின் காலத்தை நிர்ணயித்தது.

இனி, பெயரின் கதைக்கு வருவோம். 1990களில் வட்டணிகளை விற்கும் கைத்தொழில் வளர்ந்தது. பல்லாயிரம் டொலருக்கு ஒரு பெட்டியை விற்பவர் அதன் பெயரில் ‘மலிவு’ என்ற சொல் இருப்பதை விரும்பார். ஆங்கிலத்தில் அதே முதலெழுத்தைக் கொண்ட பிறிதொரு சொல் கைவசம் இருந்தது. ‘மலிவான’ என்பது மெல்ல விலகி, ‘தனித்தியங்கும்’ என்பது அவ்விடத்தில் அமர்ந்தது. சுருக்கப் பெயர் மாறவில்லை; ஆகவே மாற்றம் நடந்ததே பலருக்குத் தெரியாது. இன்று பாடநூல்கள் பலவற்றில் இரண்டாவது விரிவே காணப்படுகிறது.

இதனை விற்பனையாளரின் நாசூக்கு என்று மட்டும் கருதிவிடலாகாது. நுணுகி நோக்குமிடத்து, கழிக்கப்பட்ட சொல் உண்மையை உரைத்தது; ஏற்கப்பட்ட சொல்லோ ஓர் எடுகோளை உண்மைபோல் உரைக்கிறது. வட்டுகள் மலிவானவை என்பது அக்கட்டுரையின் தொடக்கநிலைத் தரவு. அவை ஒன்றையொன்று சாராமற் பழுதடையும் என்பதோ, கணக்கை எளிதாக்கும்பொருட்டு ஆசிரியர்கள் வெளிப்படையாகவே மேற்கொண்ட எடுகோள். அந்த எடுகோள் பொய்த்தால் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும். ஒரே தொழிற்சாலையில் ஒரே தொகுதியாக உருவாகி, ஒரே மின்கம்பியில் தொங்கி, ஒரே வெப்பத்தில் வேகும் வட்டுகள் எவ்வாறு தனித்தியங்குவன ஆகும்? 2011 இல் தாய்லாந்திலே பெருவெள்ளம் தொழிற்சாலைகளை மூழ்கடித்தபோது உலகமெங்கும் வன்வட்டு விலை உயர்ந்தது. தனித்தியங்குவன எனப்பட்டவற்றின் மூலவேர் எவ்வளவு குறுகிய நிலப்பரப்பிலே குவிந்திருந்தது என்பதை அவ்வெள்ளம் காட்டிற்று. நாம் உடுப்பிட்டியிற் பயன்படுத்திய மூன்று வட்டுகளும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கப்பட்டவை. அவற்றின் தொடரிலக்கங்களும் அடுத்தடுத்தவை.

இலக்கிய மாணவருக்கு இது புதிய சிக்கலன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும் கலித்தொகையை 1887 இலும் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோர் வெவ்வேறிடங்களிலிருந்து ஏடுகளைத் தேடித் திரட்டியமைக்குக் காரணம் எண்ணிக்கை மோகமன்று. ஒரே தாய்ப்பிரதியைப் பார்த்தெழுதிய பத்து ஏடுகளும் ஒரே பிழையையே பத்துமுறை கூறும். அவை பத்துச் சாட்சிகள் ஆகா, ஒரு சாட்சியே. தூரத்து ஊரில் வேறொரு கையால் எழுதப்பட்ட ஒற்றை ஏடு அப்பத்தினும் பெறுமதி வாய்ந்தது. பிரதிகளின் எண்ணிக்கை வேறு, அவற்றின் தனித்தன்மை வேறு என்பதைச் சுவடிப் பதிப்பாளர் தம் கைப்பட அறிந்திருந்தனர்.

பெயரிலுள்ள இலக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. மூல ஆசிரியர்கள் ஒன்று முதல் ஐந்து வரை ‘படிநிலை’களை வகுத்தனர். ஒன்றாவது முழுப்பிரதி, இரண்டாவது பிழைதிருத்தும் குறியீட்டைப் பல வட்டுகளிற் பரப்புவது, மூன்றாவதும் நான்காவதும் ஒரு தனிச் சரிபார்ப்பு வட்டைக் கொண்டவை, ஐந்தாவது அச்சரிபார்ப்பை எல்லா வட்டுகளிலும் சுழற்சியாக வைப்பது. இவை உயர்வு தாழ்வு குறித்தன அல்ல. வெவ்வேறு தேவைக்குரிய வெவ்வேறு அமைப்புகள். ஆயினும் ‘நிலை’ என்றவுடன் மனம் ஏணியொன்றைக் கற்பித்துக்கொள்கிறது. ஐந்து நான்கினும் மேல், ஆறு ஐந்தினும் மேல் என்று வாங்குவோர் எண்ண, விற்போர் அதற்கிசைந்தனர். நிறுவனமொன்று ‘றெயிட் 7’ என்பதைத் தன் வணிகக் குறியாகவே ஆக்கிக்கொண்டது. மிகையே இல்லாத, ஒரு வட்டு அழிந்தால் அனைத்தும் அழியும் அமைப்புக்கு ‘றெயிட் 0’ என்ற பெயர் வழங்குவது இக்குழப்பத்தின் உச்சம். பெயரிற் ‘மிகை’ உண்டு, பொருளில் இல்லை.

தமிழிலே ‘படி’ எனும் சொல் ஏணிப்படியையும் குறிக்கும், பிரதியையும் குறிக்கும். எமக்கு நேர்ந்த தவறும் இவ்விரு பொருளுக்கும் இடையிலே நேர்ந்ததுதான். ‘1’ என்பது படிநிலையின் இலக்கம். படிகளின் தொகையை அது கூறுவதில்லை. லினக்ஸின் பழைய மென்பொருள் அணியமைப்பிலே ‘றெயிட் 1’ எனில் வட்டு மூன்றாயின் பிரதியும் மூன்று. பின்வந்த பி.ரி.ஆர்.எவ்.எஸ். எனும் கோப்பமைவிலோ அதே பெயருக்குப் பிரதி எப்போதும் இரண்டு. 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூன்று பிரதிக்கும் நான்கு பிரதிக்கும் வேறு பெயர்கள் அதிற் சேர்க்கப்பட்டன. அவற்றிலே பிரதிகளின் தொகை பெயரின் ஈற்றில் வெளிப்படையாக நிற்கிறது. படிநிலை இலக்கங்களையே கைவிட்டு, பிரதி எத்தனை, பரப்பு எத்தனை, சரிபார்ப்பு எத்தனை என்று எண்ணிக் கூறும் பெயர்முறை ஒன்றும் அதற்கு முன்னரே முன்மொழியப்பட்டதுண்டு. யாப்பிலக்கணம் பயின்றோருக்கு இது இயல்பாகவே தோன்றும். நாற்சீரடி, ஐஞ்சீரடி என்னும் பெயர்கள் உறுப்பின் தொகையைக் கூறுவன. கேட்பவர் எண்ணிப் பார்த்துப் பிழை காணலாம்.

இங்கு ‘மிகை’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நன்னூலார் கூறும் பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் அடங்கும். எனவே தமிழ்ப் பண்டிதரின் செவிக்கு மிகை என்பது குற்றத்தின் பெயர். ஆங்கிலத்திலும் நிலைமை வேறன்று. பிரித்தானியத் தொழிற்சாலையிலே வேலையிழக்கும் தொழிலாளியைக் குறிப்பதும் இதே சொல்லே. முதலாளியின் கணக்கேட்டில் ‘தேவைக்கு மேற்பட்டவன்’ என்று கழிக்கப்படும் மனிதனுக்கும், தரவைக் காக்கும் வட்டுக்கும் ஒரே பெயர் அமைந்தமை தற்செயலாயினும் சிந்தனைக்குரியது.

உதிரி வட்டு பற்றிய ஆராய்ச்சி இவ்விடத்திலேயே தொடங்க வேண்டும். அணியில் ஒரு வட்டு பழுதடைந்ததும் அதன் இடத்தை எடுக்க ஆயத்தமாக, மின்னூட்டப்பட்டு, வேலையேதும் இன்றிச் சுழன்றுகொண்டிருக்கும் வட்டே உதிரி. 1988 ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இது இடம்பெறுகிறது. பழுதான வட்டுக்குப் பதிலாக உதிரி மின்முறையில் இணைக்கப்படும் என்றும், பழுதானவற்றை அவ்வப்போது ஒரு மனிதப் பணியாளர் மாற்றுவார் என்றும் ஆசிரியர்கள் கூறுகின்றனர். அவ்வமைப்பைப் பேணும் உழைப்பாளி அக்கட்டுரையில் தலைகாட்டும் அரிதான இடம் அது.

உதிரி வட்டை மார்க்ஸ் 1867 இல் விளக்கிய கைத்தொழிற் சேமப்பட்டாளத்தோடு ஒப்பிடத் தோன்றும். ‘உதிரி’ என்ற சொல்லை ‘உதிரிப் பாட்டாளி’ எனும் தொடரிலே கேட்டுப் பழகிய எமக்கு அவ்வாசை மேலும் வலியது. ஆனால் ஒப்புமை தவறானது. சேமப்பட்டாளத்தைப் பேணும் செலவை முதலாளி ஏற்பதில்லை. வேலையற்றவனும் அவன் குடும்பமுமே அதனைச் சுமக்கின்றனர். உதிரி வட்டோ பணம் கொடுத்து வாங்கப்பட்ட மூலதனம். அது மின்சாரத்தைத் தின்று தேய்ந்தவாறு சும்மா இருக்கிறது. மனிதன் சும்மா இருப்பதைச் சகித்துக்கொள்ளும் மூலதனம், தான் சும்மா இருப்பதைச் சகியாது. உதிரியின் அமைப்பு வரலாறு இந்தச் சகிப்பின்மையின் வரலாறு என்றே கூறலாம்.

1992 இல் ஐ.பி.எம். ஆய்வாளரான மேனனும் மற்சனும் பரவல் உதிரி என்ற முறையை ஏனைய உதிரி முறைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். தனி உதிரி வட்டு ஒன்றை வைத்திராமல், அதற்குச் சமமான வெற்றிடத்தை எல்லா வட்டுகளிலும் சிறிது சிறிதாகப் பகிர்ந்து வைப்பதே அம்முறை. சும்மா இருக்கும் வட்டு இல்லை; எல்லாம் உழைக்கும். வட்டின் கொள்ளளவு வேகத்தினும் விரைந்து வளர்ந்த பின்னர் இதற்கு வேறொரு நன்மையும் சேர்ந்தது. 20 ரெராபைற்று வட்டொன்றைச் செக்கனுக்கு 200 மெகாபைற்று வேகத்திலே தொடர்ந்து நிரப்பினாலும் 1,00,000 செக்கன், ஏறத்தாழ 28 மணித்தியாலம் செல்லும். அவ்வளவு நேரமும் அணி காப்புக் குறைந்த நிலையிலே நிற்கும். மீட்கும் வேலையை எல்லா வட்டுகளும் பங்கிட்டால் நேரம் பெரிதும் சுருங்கும். 2021 இல் ஓப்பின் இசெட்.எவ்.எஸ். 2.1 பதிப்போடு வெளிவந்த ‘டி-றெயிட்’ இத்தத்துவத்தில் அமைந்ததே. அதன் பெயரில் ஏணி இல்லை. சரிபார்ப்பு எத்தனை, தரவுப் பங்கு எத்தனை, மொத்த வட்டு எத்தனை, உதிரி எத்தனை என்பன பெயரின் உறுப்புகளாகவே எழுதப்படுகின்றன. நாம் அறிந்த பெயர்முறைகளுள் நேர்மையானது இதுவே என்பது எமது கருத்து. எனினும் சிறு முயற்சிகளுக்கு இது பொருந்தாது. பல வட்டுகளை ஒருங்கே வாங்க வல்லோருக்கே இதன் பயன் கிட்டும். மலிவிலிருந்து புறப்பட்ட பாதை மீண்டும் வசதியுடையோரின் வாயிலிலே வந்து நிற்கிறது.

வன்பொருளை விடுத்து மென்பொருள் இவ்வேலையை ஏற்றமை வேறொரு திருப்பம். விலையுயர்ந்த கட்டுப்படுத்தி அட்டை இன்றிச் சாதாரண கணினியே அணியை நடத்தலாம் என்றாயிற்று. ஆனால் அந்த அட்டைகள் பலவற்றிலே மின்கலம் ஒன்று இருந்தது. மின்சாரம் நின்றாலும் எழுதி முடியாதவற்றை அது காத்தது. மென்பொருள் அணிக்கு அத்துணை இல்லை. தரவை எழுதி, அதற்குரிய கூட்டுத்தொகையை எழுதுமுன் மின்சாரம் நின்றுவிட்டால் இரண்டும் பொருந்தா. பின்னொரு நாள் வட்டொன்று பழுதடையும்போது அப்பொருந்தாத் தொகையிலிருந்து பொய்யான விடை பிறக்கும். சண் மைக்குரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெவ் பொன்விக் முதலியோர் 2005 இல் வெளியிட்ட ‘றெயிட்-இசெட்’ முறை, பழையதன் மேல் எழுதாமற் புதிய இடத்தில் முழுவதும் எழுதி முடித்த பின்னரே பழையதைக் கைவிடுவதன் மூலம் இக்குறையை நீக்கிற்று.

தடையற்ற மின்சாரம் என்பது இவ்வமைப்புகளின் மௌனமான எடுகோள். பேர்க்கிலியில் அந்த ஆய்வறிக்கை வெளிவந்த 1987 ஆம் ஆண்டிலேயே, மே 26 அன்று தொடங்கிய இராணுவ நடவடிக்கையால் வடமராட்சி சிதறுண்டது. 1990களின் முற்பகுதியிற் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்னும் எம்மிடையே உள்ளது. அக்காலத்தில் இவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தபோது எதை எடுத்துச் செல்வது, எதை விடுவது என்பதே சேமிப்பு பற்றிய கேள்வியாக இருந்தது.

ஓர் எல்லையையும் குறித்தல் வேண்டும். வட்டணி வட்டின் பழுதைத் தாங்கும். வீட்டின் அழிவைத் தாங்காது. 1981 மே 31 – யூன் 1 இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது 97,000 நூல்கள் அழிந்தன என்பது பரவலாக வழங்கும் கணக்கு. அவற்றுட் பல, ஒரே கூரையின் கீழ் இருந்தமையாலேயே ஒன்றாக அழிந்தன. அத்தீயில் யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே பிரதி அழிந்ததாகச் சிலர் எழுதுவதுண்டு. இது திருத்தப்பட வேண்டியது. மயில்வாகனப் புலவரின் அந்நூலைப் பிறிற்றோ 1879 இலேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். தமிழிலும் அது அச்சேறியிருந்தது. அரிய கையெழுத்துப் படி அழிந்தது, நூல் அழியவில்லை. அச்சு அதனைப் பல வீடுகளிலும் பல நாடுகளிலும் சிதறவிட்டிருந்தமையே காரணம். உண்மையான ‘தனித்தியங்குதல்’ இதுதான். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 இல் ஈழத்து நூல்களுக்கெனத் தொடங்கிய நூலகம் திட்டமும் மின்னுலகில் இதே வழியைப் பின்பற்றியவை.

உடுப்பிட்டியில் இழந்த படங்களுள் ஒரு பகுதி, அவற்றை எடுத்த மாணவி ஒருவரின் கைப்பேசியிலே அழிக்கப்படாமல் இருந்தது. ஏனையவற்றுக்குரிய ஏடுகளைத் தேடி மீண்டும் சென்றபோது ஒரு வீட்டாரிடம் கட்டு இருந்தது. மற்றொரு வீட்டிலே கறையான் எமக்கு முந்திவிட்டது. இப்போது வட்டுகள் மூன்றும் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறிடங்களில் வாங்கப்பட்டவை. ஒன்று உடுப்பிட்டியிலும், ஒன்று யாழ்ப்பாண நகரிலும், ஒன்று கொழும்பிலும் உள்ளது. ஒவ்வொன்றின் மீதும் காகிதமொன்று ஒட்டப்பட்டு, மையினால் இவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது: ‘படி மூன்று. வீடு மூன்று. உதிரி இல்லை.’ நான்காவது வட்டுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.